வேறை ஆக்களின்ரை கோச்சி

சரவணமுத்து கோட் போட்டுக்கொண்டு எழுவைதீவில் வந்து இறங்கினார். ஐப்பசிப் புழுக்கம். சட்டையில்லாமல் இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி அண்ணை நிமிர்ந்து பார்த்து, "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார்.

"சுவிஸுக்கெண்டு தைச்சது," என்றார் சரவணமுத்து. துணியின் விலையையும் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை.

அவர் எங்கள் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்ற தபாலதிபர். இருபது வருடமாக யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில், கொக்குவிலில் வீடு கட்டி இருக்கிறார். தீவின் சங்கத் தலைவர் தீவில் இருக்கவேண்டும் என்று யாப்பில் எங்கும் இல்லை. யாப்பை எழுதியவர் அவர்தான். கூட்டம் என்றால் காலைப் படகில் வருவார், கடைசிப் படகில் போய்விடுவார். கடைசிப் படகு மூன்றரைக்கு. மூன்று மணியானதும் அவருடைய வலது கால் தானாக ஆடத் தொடங்கும். யார் என்ன முறையிட்டாலும் அதற்குப் பிறகு அவர் காதில் விழாது.

நானும் அன்று அதே படகில்தான் வந்தேன். ஊர்காவற்றுறையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு இரவு வேலை. கம்பஸில் இரண்டாம் வருடத்தோடு எழும்பி வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். படிப்புப் போனாலும் கம்பியூட்டர் தெரிந்தவன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அதனால் தீவில் யாருடைய போன் பழுதானாலும் நித்திரையில் இருக்கும் என்னைத்தான் எழுப்புவார்கள்.

படகில் சரவணமுத்து எனக்குப் பக்கத்தில் வந்திருந்து, சின்னப் பென்டிரைவ் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நிலக்ஷன், நானூற்றிப் பன்னிரண்டு படம் இருக்கு. கலங்கினதுகளை அழிச்சுப்போட்டு மற்றதுகளை நீர் ஒழுங்கா அடுக்கி விடும். றெயின் படம் ஒண்டும் விடுபடக்கூடாது."

"பேசின படம் இருக்கோ ஐயா?"

"றெயின் படம் நிறைய இருக்கு," என்றார்.

விஷயம் இதுதான். வெளிநாடுகளில் இருக்கும் தீவுப்பகுதி ஆட்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். 'அனைத்துலகத் தீவக ஒன்றுகூடல்' என்று பெயர். இந்த முறை சுவிஸில். ஒவ்வொரு தீவிலிருந்தும் ஒரு பிரதிநிதி வரலாம், பத்து நிமிடம் பேசலாம், ஊருக்கு ஒரு தேவையைக் கேட்கலாம் என்று கடிதம் வந்திருந்தது. எங்கள் தேவை எது என்பதில் சந்தேகம் இல்லை. மூன்றரைப் படகு போனால் மறுநாள் காலை ஆறரை வரைக்கும் தீவு பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்துக்குள் யாருக்காவது ஏதாவது ஆனால் இன்னாசித்தம்பி அண்ணையின் மீன்பிடி வள்ளம்தான். அதற்குக் கூரை இல்லை. ஆளைக் கிடத்தி மேலே தறப்பாளைப் பிடிக்கவேண்டும். போன கார்த்திகையில் றோஸ் அந்தத் தறப்பாளுக்குக் கீழே, நடுக்கடலில் பிள்ளை பெற்றாள். பிள்ளை சுகமாக இருக்கிறது. அதனால் அந்தக் கதையை எல்லாரும் பகிடியாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருடத்துப் பிள்ளை இல்லை. அந்தக் கதையைச் சொல்வதில்லை.

போக வேண்டியவர் சறோஜினிதேவி. தீவின் குடும்பநல மாது, பிள்ளைப்பேறு பார்ப்பவர். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். இருபத்தேழு வருடமாக அந்த வள்ளத்தில் நோயாளிகளோடு போய்வருபவர். ஆனால் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. சரவணமுத்துவிடம் சிதம்பரம் போக எடுத்த பாஸ்போர்ட்டும் இருந்தது, கோட் தைக்கும் எண்ணமும் இருந்தது. பேச்சை மிஸ்ஸி எழுதிக் கொடுத்தார். நாலுதரம் கிழித்து எழுதினார். மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தார். ஒன்பதரை நிமிடம் வந்தது. "அரை நிமிஷம் அவர் தண்ணி குடிக்க," என்றார்.

கூரையும் படுக்கையும் உள்ள இயந்திரப் படகு ஒன்று. அதுவும் வாடைக்காற்று இறுகுவதற்கு முதல். என் தங்கச்சி பிரியவதனிக்கு அப்போது ஆறு மாதம், பிறஷர் வேறு. நாள் மார்கழி நடுவில். மிஸ்ஸி அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கடலைப் பார்ப்பார், பிறகுதான் அவளுடைய வயிற்றைப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து, நித்திரை கொள்ளாமல், அவர் சுவிஸிலிருந்து கொண்டுவந்த படங்களைத் திறந்தேன். மாநாட்டின் நிகழ்ச்சிநிரலையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்திருந்தார். முதல் நாள் மங்கல விளக்கு, பின்னேரம் றெயினில் நகரம் பார்த்தல். இரண்டாம் நாள் ஏரிக்கரை றெயின், பேர்ண் நகரம், ஒரு மணித்தியாலம் ஆய்வரங்கு, திரும்பவும் றெயின். மூன்றாம் நாள் காலை மலை றெயின், இரண்டு மணிக்குப் பிரதிநிதிகள் பேசும் 'தீவுகளின் குரல்', மாலை கண்ணாடிக் கூரை போட்ட றெயின். றெயின் மாறுகிற இடைவெளியில் மாநாடு நடந்திருக்கிறது.

படங்களில் மலை எதையும் முழுதாகப் பார்க்க முடியாது. எல்லாம் யன்னல் கண்ணாடிக்குள்ளால் எடுத்தவை. ஒவ்வொரு பனிமலையின் நெற்றியிலும் சரவணமுத்துவின் முகமும் கழுத்துப் பட்டியும் தெரிந்தன. இருநூறுக்குப் பிறகு ஒரு சின்ன மலை ஸ்டேஷன் வந்தது. ஆட்கள் உட்கார ஒரு வாங்கு, ஒரு தண்டவாளம், ஒரு பெரிய வட்ட மணிக்கூடு. சிவப்பு றெயின். அடுத்த படத்திலும் சிவப்பு றெயின். அதற்கடுத்ததிலும். ஒரே படத்தைத் திருப்பித் திருப்பி எடுத்திருக்கிறார், அழித்துவிடலாம் என்றுதான் கையை வைத்தேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இரவு வேலை செய்பவன் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் மணிக்கூட்டைப் பார்ப்பான்.

எட்டுப் படம். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. வரிசையாக அடுக்கினேன். மற்றப் படங்கள் மூன்று செக்கனில் மாறும். இந்த எட்டுக்கும் பத்துச் செக்கன் கொடுத்தேன்.

கூட்டம் ஒரு மணிக்கு வாசிகசாலையில். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, பள்ளிக்கூடத்துப் புறஜெக்டரை வைத்தோம். தீவே வந்திருந்தது. கருவாடு விற்கும் சின்னத்தங்கம் அக்கா பெட்டியோடு முன்வரிசையில். பிரியவதனி வயிற்றில் கை வைத்தபடி பிளாஸ்ரிக் கதிரையில். மிஸ்ஸி சுவரில் சாய்ந்து நின்றார். அவர் கூட்டங்களில் இருப்பதில்லை.

சரவணமுத்து எழும்பினார். கோட்டின் அக்குள் இரண்டும் நனைந்திருந்தன.

"உங்களெல்லாரின்ரையும் சார்பிலைதான் நான் போனனான். நீங்களெல்லாரும் அந்த றெயினிலை இருந்தனியள் எண்டுதான் நான் நினைச்சனான்."

"எங்களுக்குத் தெரியேல்லையே," என்றார் சின்னத்தங்கம் அக்கா.

படம் ஓடத் தொடங்கியது. முதலில் இருக்கை. பிறகு இருக்கையின் மறுபக்கம். பிறகு றெயினின் கழிவறை, மூன்று கோணத்தில். சனம் அதைத்தான் அதிக நேரம் பார்த்தது.

"கோச்சிக்குள்ளை வடை கொண்டுவருவினமோ?" சின்னத்தங்கம் அக்காவுக்கு றெயின் இன்னும் கோச்சிதான்.

"உங்கை வடை இல்லை."

"கடலை?"

"ஒண்டும் இல்லை. ஒருத்தரும் கதைக்கவும் மாட்டினம். ஊசி விழுந்தால் கேட்கும்."

"செத்தவீட்டுக்குப் போற கோச்சி போலை," என்றார் அவர்.

சங்கத்தின் பொருளாளர் சுதாகரன் அண்ணை கை தூக்கினார். "தலைவர், மலையேறேக்கை கோச்சி பின்னாலை வழுக்காதோ?"

சரவணமுத்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். நடுவில் பல்லு வைத்த தண்டவாளம், அதில் கடித்துக் கடித்து ஏறும் சில்லு, எத்தனை பாகைச் சரிவு, எந்த வருடம் கட்டியது. எல்லாம் பாடமாக இருந்தது. ஒன்பதரை நிமிடம் பேசினார் என்று நினைக்கிறேன். தண்ணீர் குடிக்கவில்லை.

"படகு?" என்றார் மிஸ்ஸி சுவரிலிருந்தபடி.

"அதுக்குத்தான் வாறன் பிள்ளை. மூண்டாம் நாள் காலமை மலைக்குப் போனது. மத்தியானம் இறங்கி வந்து, ரண்டு மணிக்குச் சரியா மேடையேறினனான். நீர் எழுதினதை ஒரு எழுத்து விடாமல் வாசிச்சனான். சபை எழும்பி நிண்டு கை தட்டினது. ஆழமாப் பரிசீலிக்கினமாம்."

"அதைப் படம் எடுக்கேல்லையோ?"

"எல்லாரும் கை தட்டிக்கொண்டு நிண்டவை. ஆர் படம் எடுக்கிறது?"

சனம் கை தட்டியது. பிரியவதனியும் தட்டினாள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

மலை ஸ்டேஷன். சிவப்பு றெயினின் பின்பக்கம், போய்க்கொண்டிருக்கிறது.

"பாருங்கோ, என்ன சிவப்பு," என்றார் சரவணமுத்து.

மணிக்கூட்டில் பதினொன்று இருபத்தேழு. தீவுச் சனத்துக்கு மணிக்கூடு பார்க்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. படகுக்கு ஓடிப் பழகியவர்கள். துறையின் அந்த நுனியில் தொங்குகிற மணிக்கூட்டை இந்த நுனியில் நின்று நிமிடக் கணக்காகச் சொல்வார்கள்.

இரண்டாவது படம். றெயின். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம்.

மூன்றாவது. றெயின். பன்னிரண்டு இருபத்தேழு.

"அரை மணித்தியாலத்துக்கு ஒரு கோச்சி!" என்றார் சுதாகரன் அண்ணை. "அதெல்லோ நாடு!"

"ஓமோம், அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு. பிந்துறேல்லை," என்றார் சரவணமுத்து, தான் ஓட்டியதைப்போல.

நாலாவது. ஒன்றுக்கு மூன்று நிமிடம். ஐந்தாவது. வாங்கின் நிழல் மறுபக்கம் திரும்பிவிட்டது. ஆறாவதில் இரண்டுக்கு மூன்று நிமிடம்.

வாசிகசாலையில் ஒரு சின்ன அசைவு. ஏழாவது படம் வந்தது. இரண்டு இருபத்தேழு. அந்தப் படத்தில், றெயின் கதவில் நின்ற உத்தியோகத்தர் ஏறச்சொல்லிக் கை காட்டுவது தெளிவாகத் தெரிந்தது.

சின்னத்தங்கம் அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, நீங்கள் எத்தினை மணிக்குப் பேசினனீங்கள்?"

"ரண்டு மணிக்கு. சொன்னனானெல்லோ."

"அப்ப உந்தப் படத்தை ஆர் எடுத்தது?"

சரவணமுத்து திரும்பி வேட்டியைப் பார்த்தார். எட்டாவது படமும் வந்துவிட்டது. மூன்றுக்கு மூன்று நிமிடம். முப்பத்தைந்து வருடம் கடிதங்களில் திகதியும் நேரமும் குத்திய மனுஷன். தன் படங்களில் குத்தியிருந்ததைப் பார்க்கவில்லை.

"அந்த மணிக்கூடு பிழை," என்றார்.

"சுவிஸிலையோ?" என்றார் பின்வரிசையில் யாரோ. கூரை இடியச் சிரிப்பு.

"நிலக்ஷன், நீர் படத்தை நிப்பாட்டும்!"

நான் நிறுத்தினேன். எட்டாவது படத்திலேயே நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு உண்மை துண்டு துண்டாக வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது அந்த ஸ்டேஷனில் கூட்டம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. கழுத்தில் மணி கட்டிய மாடு ஒன்றை இவர் படம் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வர, பதினொன்று இருபத்தேழு போய்விட்டது. போனில் காசு இல்லை. வாங்கில் இருந்தார். பிறகு றெயின்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு. கதவு திறந்தது, மூடியது. இவர் ஏறவில்லை. படம் எடுத்தார். கடைசியில் துஷ்யந்தன் என்ற பெடியனைத் தேட அனுப்பியிருக்கிறார்கள். அவன் மேலே வந்து, "ஐயா, ஏன் ஏறேல்லை?" என்று கேட்டிருக்கிறான்.

"அது வேறை ஆக்களின்ரை றெயின்," என்றார் சரவணமுத்து இப்போது எங்களிடமும். குரல் உடைந்திருந்தது, ஆனால் நியாயம் உடையவில்லை. "என்ரை ரிக்கெற் துண்டிலை பதினொண்டு இருபத்தேழு எண்டு கிடக்கு. அது போட்டுது. போனது போனதுதானே! ஊர்காத்துறைத் துறையிலை அனலைதீவுப் படகும் நிக்கும், எங்கடை படகும் நிக்கும். வந்து நிண்ட படகிலையெல்லாம் ஏறுறதோ? நீங்கள் ஏறுவியளோ?"

இதில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சனம் யோசித்தது. தலைகள் மெதுவாக ஆடின.

"அது சரிதான்," என்றார் சுதாகரன் அண்ணை. "நான் ஒருக்கா மாறி ஏறி, அனலைதீவிலை ரண்டு நாள் நிண்டனான்."

"என்ரை அண்ணரும் அப்பிடித்தான். உடுப்பும் இல்லாமல்," என்றார் இன்னொருவர்.

"தெரியாத நாட்டிலை மாறி ஏறினால் ரண்டு நாளோட முடியுமோ?"

இரண்டு நிமிடத்தில் தீவு அவரை மன்னித்துவிட்டது. அந்த வாங்கில் தாங்கள் இருந்திருந்தாலும் இருந்திருப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர் தோற்றத்தில் ஒரு தியாகிக்களைகூட வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார்.

மிஸ்ஸி சுவரை விட்டு நகர்ந்து வேட்டிக்குக் கிட்டப் போனார். விரலை வைத்தார்.

"அண்ணை, இதென்ன?"

"தண்டவாளம்."

"எத்தினை தண்டவாளம்?"

"ஒண்டு."

"ஒரு தண்டவாளம். மேலையிருந்து கீழை போகுது. நீங்கள் போகவேண்டினதும் கீழை. உதிலை ஏறினால் வேறை எங்கை போகும்? கடலுக்கையோ?"

யாரும் சிரிக்கவில்லை. சரவணமுத்துவின் வலது கால் ஆடத் தொடங்கியது. மணி மூன்று.

"எங்கடை பத்து நிமிஷம் ஆருக்குப் போனது?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"பக்கத்துத் தீவுக்காரருக்கு."

"அவை என்ன கேட்டவை?"

"வரவேற்பு வளைவு. ரண்டு பக்கமும் யானை வைச்சு."

"குடுத்தவையோ?"

"அங்கையே கை தூக்கிக் குடுத்திட்டினம்."

"நான் எழுதித் தந்த கடுதாசி எங்கை?"

அவர் கோட்டின் உள்பையைத் தடவினார். அது அங்கேயே இருந்தது. மடிப்புக் கலையாமல், ஒரு றெயின் துண்டோடு சேர்ந்து. சுவிஸுக்குப் போய், மலையேறி, திரும்பிக் கொக்குவில் வந்து, இன்று எழுவைதீவுக்கும் வந்துவிட்டது. அதை யாரும் பிரிக்கவில்லை.

"வாசியுங்கோ," என்றார் மிஸ்ஸி.

"இப்பவோ? படகுக்கு நேரமாகுது பிள்ளை."

"பத்து நிமிஷம்தான். நான் மணிக்கூடு பாத்து எழுதினனான்."

அவர் வாசலைப் பார்த்தார். பிரியவதனி எப்போது எழும்பினாளோ தெரியாது. கதிரையைத் தூக்கி வாசலின் நடுவில் போட்டுக்கொண்டு இருந்தாள். "உள்ளை காத்து வரேல்லை," என்றாள், யாரும் கேட்காமலே. வாசல் சின்னது. அவள் பெரிதாக இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியை இடித்துக்கொண்டு போகிற ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

சரவணமுத்து வாசித்தார். முதலில் தந்தி வாசிப்பதைப்போல ஓட்டமாக. மிஸ்ஸி, "விளங்கேல்லை, முதலிலை இருந்து," என்றார். திரும்பவும் தொடங்கினார். மிஸ்ஸி பாதியில் மறித்து, மூன்றாம்தரமும் தொடங்கவைத்தார். எத்தனை பேரை, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வள்ளத்தில் ஏற்றினோம். யார் வந்தார்கள், யார் வரவில்லை. பகிடியாகச் சொல்லாத கதைகளும் அதில் இருந்தன. பெயர்கள் இல்லை, வயது மட்டும். ஆனால் வயதைச் சொன்னதும் சனம் குனிந்துகொண்டது. இன்னாசித்தம்பி அண்ணை எழும்பி யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார்.

'இந்த மார்கழியில் பிறஷர் உள்ள ஒரு கர்ப்பிணிக்கு' என்று தொடங்கும் வரியில் அவர் நிற்க, துறையில் முதல் ஹோர்ன் கேட்டது.

"வாசியுங்கோ."

இரண்டாம் ஹோர்ன். அவர் கால் மட்டும் தனியாகத் துறைக்குப் போய்விடும்போல ஆடியது. கடைசிப் பந்தியை அழுகிற குரலில் வாசித்து முடித்தார். பிரியவதனி ஆறுதலாக எழும்பி, கதிரையை ஓரமாக வைத்தாள். படகு துறையை விட்டு, பாய்ந்து ஏறுகிற தூரம் அல்ல, நல்ல தூரம் போயிருந்தது.

"அடுத்தது எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் சரவணமுத்து. இருபது வருடம் கொக்குவிலில் இருந்தால் மனுஷனுக்கு இப்படித்தான் வாயில் வரும்.

"நாளைக்குக் காலமை ஆறரைக்கு," என்றார் சின்னத்தங்கம் அக்கா. "வாங்கு வேணுமெண்டால் உங்கை கிடக்கு. இருந்து படம் எடுங்கோ."

சரவணமுத்துவுக்கு முகம் வேர்த்துக் கொட்டியது. பிறஷர்க் குளிசை வீட்டில் என்றார். மிஸ்ஸி பையைத் திறந்து, கோட்டின் கையைச் சுருட்டி, பட்டியைக் கட்டிக் காற்றடித்தார். முள்ளைப் பார்த்தார். திரும்பவும் அடித்துப் பார்த்தார்.

"இவரை இஞ்சை வைச்சிருக்க ஏலாது. ஊர்காத்துறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். இன்னாசி அண்ணை, வள்ளம்."

குரலில் பழிவாங்கல் எதுவும் இல்லை. அவருக்கு அது இன்னொரு நோயாளி.

சரவணமுத்து வள்ளத்தைப் பார்த்தார். அதன் அடியில் மீன் செதில் ஒட்டிக் கிடந்தது. "உதிலையோ?"

"ஓம். இது எங்கடை ஆக்களின்ரை வள்ளம்தான், பயப்பிடாமல் ஏறுங்கோ," என்றார் இன்னாசித்தம்பி அண்ணை.

கிடத்தினோம். எனக்கும் ஆறு மணிக்கு வேலை, நானும் ஏறினேன். தறப்பாளின் தலைப்பக்கத்தை நானும் கால்பக்கத்தை மிஸ்ஸியும் பிடித்தோம். துறையைத் தாண்டினதும் வாடை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் எழும்பி விழ, அவருடைய தலை பலகையில் அடிபட்டது. மிஸ்ஸி தன் செருப்பைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்தார். உப்புத்தண்ணீர் தறப்பாளுக்கு மேலாலும் வந்தது, கீழாலும் வந்தது. பாதி வழியில் சத்தி எடுத்தார், கோட்டுக்குள்ளேயே.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"காத்தைக் கேளுங்கோ," என்றார் இன்னாசித்தம்பி அண்ணை.

சரவணமுத்து கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு அவரில் இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். தறப்பாளைப் பிடித்த கை விறைத்துவிட்டது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதே இடத்தில் பிரியவதனியைக் கிடத்தினால் தறப்பாளின் நீளம் காணாது என்றும் நினைத்தேன்.

"தம்பி, ஒரு கை எடுத்து அவரை ஒரு படம் எடும்," என்றார் மிஸ்ஸி. "றெயினிலை எடுத்ததுகளோட சேர்த்து வைக்கட்டும்."

எடுத்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. கோட், கழுத்துப் பட்டி, ஊதா நிறத் தறப்பாள், திறந்த வாய், பின்னால் சாய்ந்து நிற்கிற கடல்.

ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆளுக்கு ஒன்றும் இல்லை. கோட்தான் தப்பவில்லை.

மிஸ்ஸி அந்தப் படத்தையும் கடிதத்தையும் ஒன்றுகூடலின் செயலாளருக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில் வருவதற்குள் கார்த்திகை பிறந்து, இறங்குதுறையில் அலை ஏறத் தொடங்கிவிட்டது. மிஸ்ஸி காத்திருக்கவில்லை. தன் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில், நல்லூரில், ஓர் அறையைப் பிடித்து, ஒருநாள் காலைப் படகில் பிரியவதனியைத் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "இனி ஒவ்வொருத்தியையும் ரண்டு மாசத்துக்கு முதல் நாடுகடத்தவேண்டியதுதான்," என்றார். அடுத்தவளுக்கு நாள் மாசியில். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இல்லை.

செயலாளரின் பதிலை வாசிகசாலையில் வைத்து நான் மிஸ்ஸிக்கு வாசித்துக் காட்டினேன். படத்தைப் பார்த்து எல்லாரும் மிகவும் நெகிழ்ந்தார்களாம். தலைவர் ஐயா இவ்வளவு சாவகாசமாகப் படுத்துக்கொண்டு கடலை அனுபவிப்பது தாயக நினைவுகளைக் கிளறிவிட்டதாம். படத்தை மலரின் அட்டையில் போடப்போகிறார்களாம். அடுத்த ஒன்றுகூடல் யாழ்ப்பாணத்தில்தான் நடக்க இருக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு றெயின், முடிந்ததும் மலைநாட்டுக்கு ஒரு றெயின் என்று ஒழுங்கு செய்தாயிற்று. நடுவில் இந்தப் பாரம்பரிய வள்ளச் சவாரியையும் சேர்த்துக்கொள்ள விருப்பமாம். ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறலாம்? தறப்பாள் தருவீர்களா, நாங்கள் கொண்டுவரவேண்டுமா?

படகைப் பற்றி ஒரு வரி இருந்தது. பரிசீலனையில் உள்ளது.

வெளியே வாடை தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எழுதும் தம்பி," என்றார் மிஸ்ஸி. "ஓம், ஒழுங்கு செய்யலாம். தறப்பாள் எங்களட்டை இருக்கு. மார்கழியிலை வரட்டாம், அப்பதான் காத்து நல்லா இருக்கும். ஒருதரத்துக்கு ஒரு ஆள்தான் படுக்கலாம். பிறஷர், சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்கு முதலிடம்."

"வேறை?"

"கீழை பெரிய எழுத்திலை போடும். வள்ளம் ஒண்டுதான். கண்டவுடனை ஏறவும்."

போட்டு அனுப்பினேன். மிகச் சுவாரசியமான குறிப்புகள், நன்றி என்று அடுத்த நாளே பதில் வந்தது. வரவேற்புக் குழுவையும் நியமித்துவிட்டார்களாம். தலைவர் சரவணமுத்து. போன கிழமை கொக்குவிலில் ஒரு தையற்கடையில் அவரைக் கண்டதாகச் சின்னத்தங்கம் அக்கா சொன்னார்.

"அளவு குடுத்துக்கொண்டு நிண்டவர்," என்றார். "இந்தமுறை தண்ணி ஏறாத துணியாம்."